கம்பளிக் காலுறை

“அம்மாவப் படம் புடிக்கிறப்போ அம்மா சிரிக்கணுமாப்பா?” என்று போன வாரம் மகள் அவனிடம் கேட்டாள். சிரிக்க வேண்டாம், அசையாமல் இருந்தால் போதும். ஆனால் ஸ்கேன் அறையின் குளிரில் மனைவி நடுங்க, படம் கலங்கிவிட்டது. கட்டி கல்லீரலுக்குப் பரவியிருந்தால் ஆபரேஷன் இல்லை. கலங்கிய படத்தை வைத்து டாக்டரால் எதுவும் சொல்ல முடியவில்லை. இன்று, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும், தன் கம்பளிக் காலுறைகளைக் கழற்றி அவன் மனைவிக்கு மாட்டிவிட்டாள். “கால் சூடா இருந்தா உடம்பு நடுங்காது. துவைச்சதுதாம்மா, மூக்கப் பொத்தாத!” நன்றி சொல்வதற்குள் போய்விட்டாள். இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணவன் நிற்கிறான். இயந்திரம் தடதடக்கிறது. ஸ்கேன் குழலுக்கு வெளியே மனைவியின் காலில் அந்தப் பழுப்புக் காலுறைகள் மட்டும் தெரிகின்றன. அவை அசையவே இல்லை. கடவுளே, கடவுளே என்று அவன் உதடுகள் முணுமுணுக்கின்றன. “இந்தத் தடவை படம் தெளிவா இருக்குண்ணே,” என்கிறான் ஸ்கேன் எடுப்பவன். “பரவியிருக்கா தம்பி?” “டாக்டர் சொல்லுவாருண்ணே.” ஸ்கேன் எடுப்பவன் திரையைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. ஸ்கேன் முடிந்து வந்த மனைவி காலுறைகளைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்துவிட்டு உடை மாற்றப் போகிறாள். வெளியே, வேறு ஆளில்லாத நடைக்கூடத்தில், அடுத்து உள்ளே போகவேண்டிய பெரியவர் ஒருவர் தள்ளுகட்டிலில் கண்மூடிக் கிடக்கிறார். பாதங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவன் குனிந்து, இன்னும் சூடு ஆறாத காலுறைகளை அவர் தூக்கம் கலையாதபடி மாட்டிவிடுகிறான்.