இளவரசியின் கழுத்து

"இந்த முறையெண்டாலும் அவளை உயிரோடை விடுங்கோவன்," என்றாள் மாக்கிறேட், கணவனின் ரவிக்கைக் கொக்கியை மூச்சைப் பிடித்துப் பூட்டியபடி.

பொனிபஸுக்கு வயது அறுபத்தாறு. மன்னார்க் கூத்தில் பெண் வேடமும் ஆண்களுக்கே என்பது அவர் கட்சி. ஆகவே புலம்பெயர்ந்து வந்த கிரான்பர்ன் ஊர் மண்டபத்தில் இன்றைக்கும் பதினாறு வயது இளவரசி அவர்தான். கலியாணம் வேண்டாம் என்று சொன்ன குற்றத்துக்காக, பெற்ற தகப்பனான அரசனே அவளை வெட்டச் சொல்வான். பொனிபஸின் புகழ் முழுதும் அந்தச் சாவில்தான் இருந்தது. அவர் கழுத்தை நீட்டினால் சபையில் ஓடும் கண்ணீரில் வள்ளம் விடலாம்.

"அந்தக் காலத்திலை பெட்டையளை அப்பிடித்தான் கொன்றவங்கள். நான் என்ன செய்ய?"

"எங்கடை அஞ்சலாவும் கலியாணம் வேண்டாமெண்டுதானே நிக்கிறாள். பெத்த பிள்ளை முன்வரிசையிலை இருந்து இதைப் பார்க்க வேணுமோ?"

வெட்டு இல்லாவிட்டால் கூத்தே இல்லை என்று பொனிபஸ் முடித்துவிட்டார். மாக்கிறேட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மண்டபத்துக் குசினிப் பக்கம் போனாள்.

கடைசிக் காட்சி. இளவரசி பாடி முடித்து மண்டியிட்டாள். முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிய கொலைஞன் வாளோடு வந்தான். கொலைஞன் வேடம் கட்டும் டினேஷ் வேலையிலிருந்து நேரத்துக்கு வந்துவிட்டான் என்று பொனிபஸுக்கு நிம்மதி. மேளம் இடித்தது. வாள் ஓங்கியது. இறங்கவில்லை.

"வெட்டடா," என்று பல்லைக் கடித்தார்.

கொலைஞன் வாளை அரசனின் காலடியில் வீசிவிட்டு, இளவரசியைக் கைபிடித்துத் தூக்கிவிட்டான்.

அஞ்சலாதான் முதலில் எழுந்து விசிலடித்தாள். பிறகு எழுந்த கைதட்டல் விரிகுடா தாண்டி அக்கரையில் இருக்கும் பொயிண்ட் குக்கிலும் கேட்டிருக்கும். செத்த காலத்தில் ஒருநாளும் கிடைக்காத வரவேற்பு. பொனிபஸுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனாலும் விட முடியுமா? திரை விழுந்ததும் கொலைஞனை மடக்கினார்.

"டினேஷ், அன்ரி நண்டுக்கறி தந்து உன்னை வளைச்சுப் போட்டா, என்ன?"

அந்த நேரம் பார்த்து இளவரசியின் இடுப்பில் செருகியிருந்த கைபேசி அடித்தது.

"அங்கிள், டினேஷ் கதைக்கிறன். ஃப்ரீவேயிலை மாட்டிப்போனன். கொலையைக் கொஞ்சம் பிந்திச் செய்யேலாதோ?"

கொலைஞன் முகத்துணியைக் கழற்றினான்.

"கட்டின மனுசனை வெட்ட எனக்குக் கை வருமோ?" என்றாள் மாக்கிறேட்.