வரிசையில் ஒரு ஆள் கூடுதல்

வரிசையில் ஒன்பது பேர் நிற்பதைப் பார்த்ததும் ஜேசுதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், அவரும் ஆறுமுகமும்தான். போன பங்குனியில் கிளியூர்ச் சரிவு பற்றி எரிந்தபோது இரண்டு பேரும் பச்சைத் தழையால் அடித்து அடித்து ஓய்ந்து போனார்கள். வெள்ளையம்மாளின் காப்பிச் செடிகள் அத்தனையும் கருகின.

அன்றிலிருந்து மனு மேல் மனு. ஆள் பற்றாத ஊர்களுக்குச் சம்பளப் பணம் தர அரசாங்கமும் ஒருவழியாக முன்வந்து, இன்று கமிட்டியே நேரில் வருகிறது. வருகிற நேரத்தில் இந்தக் கூத்து.

"என்னங்கப்பா இது?"

"அதிகாரி வந்து ஆளை எண்ணப் போறாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார் பரோட்டா மாஸ்டர். பஸ் கண்டக்டரிடம் இரவல் வாங்கிய காக்கிச் சட்டை அவர் தொப்பையை மூட மறுத்தது. "ரெண்டே பேரு நின்னா நம்மூரு மானம் என்னாவறது?"

"ஆள் இல்லைன்னு காட்டினாத்தானய்யா பணம் வரும்."

மாஸ்டரின் முகம் தொங்கிப் போனது. அதற்குள், கமிட்டியை அழைத்துவரச் சேலம் போயிருந்த அருள்சாமியின் ஜீப் வந்து நின்றுவிட்டது.

அதிகாரி ஞானசுந்தரி இறங்கினார். பின்னாலேயே கோட்டும் கூலிங்கிளாசுமாகக் கமிட்டி மெம்பர் ஒருவர். சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த முகம்.

"ரெண்டு பேருதான்னு எழுதியிருந்தீங்க. பத்துப் பேரு நிக்கறாங்களே?" என்றார் ஞானசுந்தரி.

பத்தா? ஜேசுதாஸ் திரும்பிப் பார்த்தார். வரிசைக் கடைசியில் டிரைவர் அருள்சாமி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

உண்மையைச் சொன்னால் ஊர்க்காரர்கள் ஆள்மாறாட்டத்தில் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் பணம் போச்சு.

"எல்லாரும் நம்ம ஆளுங்கதானுங்க, மேடம்."

கோட்டுக்காரர், "ம்" என்றார். அந்த ஒரு எழுத்திலேயே பாதி உயிர் போய்விட்டது.

மேடம் நேராக அருள்சாமியிடம் போனார்.

"நீங்க எத்தனை வருசமாத் தீயணைப்புல இருக்கீங்க?"

"அஞ்சு வருசமாச்சுங்க."

"அப்ப இத்தனை நேரம் எங்களை ஜீப்புல கூட்டிட்டு வந்தது யாருங்க?"

அருள்சாமி கொஞ்சம் யோசித்தார்.

"அதுவும் நானுங்க."

ஜேசுதாஸ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "தப்பு என்னோடதுங்க, மேடம். பணம் வராட்டியும் போவுது. இவங்க மேல கேஸு கீஸு போட்டறாதீங்க. வெவரம் தெரியாமச் செஞ்சுட்டாங்க."

மேடம் கோட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மெல்லத் தலையாட்டினார்.

"சரிங்க. நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லி எழுதறேன். பங்குனிக்கு முன்னாடி ஆளைப் போட்டுருங்க."

ஜேசுதாசுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீப் வரைக்கும் கூடவே போனவர், மனசு கேட்காமல் கேட்டார்.

"கமிட்டி ஐயா மொகத்தைப் பார்த்து நொம்பப் பயந்துட்டனுங்க. எங்க பொய்யை எப்படிங்க மேடம் பொறுத்துக்கிட்டீங்க?"

மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"கமிட்டின்னா ரெண்டு பேராவது வரோணும்னு ரூலுங்க. எங்க ஆபீசுலயும் ஆள் பத்தலை. அவரு எங்க ஊட்டுக்காரருங்க."