பழைய முகம்

கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் நுழைந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள் தையல்காரி.

உள்ளே ஆளுயரக் கண்ணாடி. காதோர முடியை ஒதுக்கிப் பார்த்தாள். தையல் போட்ட இடம் மயிரிழை போலத்தான் இருந்தது. டாக்டர் கைதேர்ந்தவர். தைக்கத் தெரிந்தவள் என்ற முறையில் அதில் அவளால் குறை சொல்ல முடியாது.

குறையெல்லாம் முகத்தில்தான்.

சரிந்திருந்த கன்னம் மேலே ஏறியிருந்தது. தாடைக்குக் கீழே தொங்கிய சதை போன இடம் தெரியவில்லை. கழுத்து இழுபட்டு வழவழவென்று ஆனதில், இத்தனை வருடம் மடிப்புக்குள் ஒளிந்து கிடந்த மச்சம்கூட வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தால்கூட அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். குரங்கை யாருக்கும் அடையாளம் தெரியாது.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "உங்க பழைய முகத்தையே திருப்பிக் குடுத்துட்டேன்மா" என்றார். பக்கத்தில் நின்ற நர்சுக்கு வாயெல்லாம் பல். இவள் கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

தப்பு அவர்மேல் இல்லை. முதல்நாள் அவள் சொன்னது இவ்வளவுதான்: இந்த முகம் எனக்கு வேண்டாம். அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லாரும் சொல்வதுதான். வயதான முகம் வேண்டாமாக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

என் முகமே வேண்டாம், பெற்றவள் எதிரில் வந்தாலும் யாரோ என்று விலகிப் போகவேண்டும் என்று விளக்கிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

தொளதொளத்த சட்டைகளைப் பிடித்துத் தைத்தே வயிறு வளர்க்கிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிடித்துத் தைத்தால் சட்டை வேறு சட்டையாகிவிடாது. புதிதில் எப்படி இருந்ததோ அப்படி ஆகும். பயத்தில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. கழுத்தில் கிடந்தது, கையில் கிடந்தது எல்லாவற்றையும் விற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஊர் என்னவோ அவள் அழகுக்கு ஆசைப்பட்டாள் என்றுதான் நினைத்தது. ஆசை யாரை விட்டது என்று கடைக்கார அக்கா கேலி செய்தபோது, அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

பயம் வந்தது ஒரு மத்தியானத்தில்.

அன்று ஒருவன் கடைக்கு வந்தான். தூசியும் நூலும் கிடக்கிற இந்தக் கடைக்குள் எல்லாரும் செருப்போடுதான் வருவார்கள். அவன் வாசலிலேயே கழற்றி, ஜோடியைச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு வந்தான். அந்த மரியாதையிலேயே அக்கா பாதி விழுந்துவிட்டாள். ஒரு போட்டோவை நீட்டி, இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்டான்.

பின்னால் மெஷினில் இருந்தவள் தலையைத் தூக்கவில்லை. அந்தக் குரல் போதும்.

அவள் புருஷன். அவன் செய்த கொலையைக் கண்ணால் பார்த்தது அவள் ஒருத்திதான். கோர்ட்டில் ஏறிச் சொன்னாள், அவன் உள்ளே போனான். போகும்போது கத்தவில்லை. வெளியே வந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா போட்டோவைத் தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள், இப்படி யாரும் இங்கே இல்லையே என்றாள். அவன் போட்டோவையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனான். இன்றைக்கு அக்கா கண்ணுக்குத் தப்பிவிட்டோம், நாளைக்கு என்ன செய்வது என்பது ஒன்றுதான் அவள் மண்டையில் ஓடியது.

அது எந்தப் போட்டோ என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. கேட்டால் அக்கா அவளையும் அதையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிடுவாளே.

கண்ணாடியில் இருந்தவள் இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலத்தில் கையை ஓங்குவதற்கு முன்னால் அவன் சொல்வது அதுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இப்போது காசு கொடுத்தே தூக்கி வைத்துக்கொண்டாயிற்று.

திரை விலகியது.

அக்கா நின்றாள். லீவு முடிந்து இவள் வேலைக்குத் திரும்பிய காலையிலிருந்தே அவள் இவளைப் பார்ப்பதும் யோசிப்பதுமாக இருந்தாள். இப்போது யோசனை தீர்ந்த முகம். கையிலிருந்த போட்டோவை, இவள் முகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியின் மேல் வைத்துப் பிடித்தாள்.

கல்யாணப் போட்டோ. மேலே ஏறிய கன்னம், வழவழத்த கழுத்து, கழுத்தில் மச்சம்.

இத்தனை வருடம் ஜெயிலுக்குள் இருந்தவனிடம் வேறு எந்தப் போட்டோ இருக்கும்? தனியாகக் கிடந்து உழைத்த வருடங்கள் முகத்தில் போட்ட சுருக்கம் ஒவ்வொன்றும் அவளை அவனிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது. அதையெல்லாம் அவளே கேட்டு எடுக்கவைத்திருக்கிறாள்.

"அன்னிக்கு எனக்குத் தெரியவே இல்ல பாரு" என்றாள் அக்கா, நல்லது செய்துவிட்ட பூரிப்பில். "பாவம், எவ்ளோ நாளா தேடுறாராம். அதான் போன் போட்டு வரச் சொல்லிட்டேன்."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.