ஐந்து மணிக்குள்

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு முப்பத்தைந்து. கேபிள்காரர் ஜன்னல் விளிம்பில் ஒரு காலும் ஸ்டூலில் ஒரு காலுமாக நின்று, ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தார்.

கீழே மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர், அவர் மனைவி, மாடி வீட்டு அக்கா.

காலையிலிருந்து ஆறு முறை போன் போட்டுக் கேபிள்காரரை வரவழைத்தது அந்த அக்காதான்.

"அஞ்சு மணி நியூஸ்ல இவங்க பொண்ணு வர்றா. முதல் தடவை! அது மட்டும் தெரியலைன்னா இந்தத் தெருப்பக்கமே நீங்க வரக்கூடாது, ஆமா!"

அக்கா பேச ஆரம்பித்தால் அடுத்தவர் கொட்டாவி விடக்கூட இடம் கிடைக்காது. வீட்டுக்காரரும் மனைவியும் இதுவரை வாயே திறக்கவில்லை. எத்தனை வருடமாக இந்த அக்காவுக்குக் கீழே குடியிருக்கிறார்களோ பாவம் என்று கேபிள்காரர் நினைத்துக்கொண்டார்.

இந்த வீட்டுக்குக் கேபிளே இன்றுதான் வருகிறது. மகளைப் பார்ப்பதற்கென்றே போன வாரம் ஒரு பழைய டிவியை வாங்கி வைத்திருந்தார்கள். மேலே ஒரு துண்டைக்கூட விரித்துப் போட்டிருந்தார்கள், புது மாப்பிள்ளைக்குப் போல.

நாலு நாற்பத்தைந்து. திரையில் வெறும் நீலம்.

எதிர்க் கம்பத்துக்கு ஓடினார். இணைப்பில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பின் போட்டு முறுக்கினார். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போலத் திரும்பி ஓடி வந்தார்.

நாலு ஐம்பத்திரண்டு. படம் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி படம்.

மனைவி கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கா, தன் வீட்டு ஆட்களை டிவி முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

அக்கா போன பிறகுதான் தெரிந்தது. டிவியில் சத்தம் வரவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. கேபிள்காரர் டிவிக்குப் பின்னால் புகுந்தார். சிவப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். வால்யூமைக் கடைசி வரை ஏற்றினார். டிவியின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். ஸ்பீக்கர் செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். ஒரு டிவியை வாங்கும்போது போட்டுப் பார்த்து வாங்க வேண்டாமா இந்த மனிதர்கள்?

"சார், படம்தான் வருது, சத்தம் வரலை சார்" என்று டிவிக்குப் பின்னாலிருந்தே மூன்று தடவை சொல்லிவிட்டார். பதில் இல்லை.

எட்டிப் பார்த்தார். இருவரும் நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். இருபது வருடத் தொழிலில் ஊமைப் படத்தோடு அவர் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை. அதுவும் பெற்ற பெண் முதல் தடவை செய்தி வாசிக்கும் நாளில்!

தன் வீட்டு ஸ்பீக்கரைத் தூக்கி வந்துவிடலாம் என்று வாசலுக்குப் பாய்ந்தார். மனைவி எழுந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்தார்.

மணி ஐந்து. செய்தியின் ஆரம்ப இசை மாடியிலிருந்து கூரை வழியாக இறங்கியது. இங்கே திரையில் கோட்டுப் போட்ட ஒரு தடித்த ஆள் சத்தமில்லாமல் வாயை அசைத்தார்.

பெண்ணைக் காணோமே?

கேபிள்காரர் பதறிப்போய் இருவரையும் திரும்பிப் பார்த்தார். அவர்கள் அந்தக் கோட்டுக்காரரைப் பார்க்கவே இல்லை. இருவர் கண்ணும் திரையின் வலது மூலையில் இருந்தது.

அங்கே ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் கறுப்புச் சட்டையில் ஒரு பெண், அச்சு அசல் அம்மாவின் மூக்கு. அவள் கைகள் பேசிக்கொண்டிருந்தன. விரல் மடக்கி, உள்ளங்கை விரித்து, நெஞ்சைத் தொட்டு, நாட்டு நடப்பு முழுவதையும் அந்த இரண்டு கைகள் சொல்லிக்கொண்டிருந்தன.

இங்கே நாற்காலியில் அம்மாவின் கைகளும் மகளோடு சேர்ந்து அசைந்தன. ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக் கொடுத்த கைகள். அப்பா கன்னம் நனைய, சத்தமில்லாத கைதட்டலாக இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

கேபிள்காரர் பையிலிருந்து எடுத்த ஸ்க்ரூடிரைவரைத் திரும்பப் பைக்குள் போட்டார். நெஞ்சு நிறைந்துவிட்டது. போட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

"என்னப்பா, தெரியுதா?" என்று மாடியிலிருந்து அக்கா கத்தினார்.

"பளிச்சுனு தெரியுதுக்கா!"

அவர் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் திரும்பவில்லை.