காத்து வர்ற வழி

"கேஸ் இல்ல, கம்ப்ரஸர் போச்சுன்னு சொல்லி என் தலையில மொளகா அரைக்கலாம்னு பாக்காதய்யா. நான் யாரு தெரியுமில்ல?"

புவனகிரி ஷெட்டில் காரை விட்டு இறங்கும்போதே எச்சரித்தார் சகாய ஆனந்த். சிதம்பரம் பக்கத்தில் ஒரு நகரின் குடியிருப்போர் சங்கத் தலைவர். எதிர்த்து நிற்க யாருக்கும் நேரமில்லாததால் மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவர்.

மெக்கானிக் பொன்னுரங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. ஏ.சி.யைப் போட்டு வென்ட்டுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார்.

"குளிருது சார். காத்துதான் வேகமா வரல. கேஸ்ல கொறையில்ல. காத்து வர்ற வழியில ஏதோ அடைச்சிருக்கு."

"நாலாவது ஸ்பீடுல வச்சாலும் சீக்காளி மூச்சு விடுற மாதிரி வருதுய்யா. சட்டுனு பாரு. கடலூர்ல மீட்டிங். மக்கள் வேலை."

செல்போன் அடித்தது. சங்கத்து அமராவதி. சகாய ஆனந்த் ஸ்பீக்கரில் போட்டார். மக்கள் வேலை நாலு பேர் காதில் விழட்டுமே.

"சார், சாக்கடைக்கு சிலாப்பு கேட்டோமே, என்னாச்சு? நேத்து எங்க வூட்டுக்காரரு அதுல விழுந்துட்டாரு. காலு ஒடஞ்சி கட்டுப் போட்டுருக்கு."

"ஐயோ பாவமே! நான் என்னம்மா பண்ணுவேன்? அக்டோபர்லயே உங்க மனுவ கொண்டுபோயி அதிகாரி கையிலயே குடுத்துட்டேன். அவுங்க அசைய மாட்டேங்கறாங்களே!"

"உங்களச் சொல்லி என்ன சார். வீடு வீடா ஏறி அறுபது கையெழுத்து வாங்கினேன். அவுங்களுக்கு மனசே இல்லியே."

"அதாம்மா நாடு!" என்று பெருமூச்சு விட்டு போனை வைத்தார்.

அதற்குள் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, பின்னாலிருந்த ஃபில்டரை உருவியிருந்தார் பொன்னுரங்கம்.

"சார், இங்க வந்து பாருங்க."

உள்ளே எலிக்கூடு. பஞ்சு, தேங்காய் நார், வேர்க்கடலைத் தோல், நடுவில் கத்தையாகக் காகிதம். பெட்டியின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டு, உள்ளே இருந்த தாள்களை இழுத்து வந்து மெத்தை போட்டிருந்தது எலி.

ஒரு தாளைத் தட்டி விரித்துப் படித்தார் பொன்னுரங்கம். "மழைக்காலத்துக்குள் எங்கள் தெரு சாக்கடைக்கு சிலாப் போட்டுத் தருமாறு..."

கீழே பாதி கடிபட்ட கையெழுத்துகள். நடுநடுவே ஊதாக் கைநாட்டுகள். முதல் பெயர், அமராவதி.

"மழை போயி, பனி போயி, கத்திரி வெயிலே வந்துடுச்சே சார்."

சகாய ஆனந்துக்கு வேர்த்தது. அன்றைக்கு மனுவோடு கடலூர் போனது நிஜம்தான். வழியில் மச்சான் வீட்டில் கறி விருந்து. சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கியது. ஆபீசுக்கு அப்புறம் போகலாம் என்று பெட்டிக்குள் வைத்தவர், வைத்ததையே மறந்துபோனார்.

"அது... ஜெராக்ஸ் காப்பிய்யா."

"ஜெராக்ஸ்ல ஊதா மை வருமா சார்?"

பொன்னுரங்கம் கூட்டை வழித்தெடுத்து, புது ஃபில்டர் மாட்டி, ஏ.சி.யைப் போட்டார். காற்று சீறிக்கொண்டு வந்தது.

"இந்தக் குப்பைய வீசிடட்டுமா சார்?"

"இரு, இரு!"

குளிர்ந்த காற்று பட்டதில் தலைவருக்கு மூளை வேலை செய்தது. கிழிசல் தாள்களைப் பொறுக்கி, பானட் மேல் பரப்பி, மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தார்.

அவர் கடலூர் போய்ச் சேருவதற்குள் சங்க வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது. 'பாரீர்! அக்டோபரில் நேரில் கொடுத்த மக்கள் மனு, அதிகாரிகளின் அலட்சியத்தால் எலிக்கு இரையான கொடுமை! கொதிக்கும் நெஞ்சுடன், உங்கள் சகாய ஆனந்த்.'

சாயங்காலத்துக்குள் படம் மாவட்டம் பூராவும் சுற்றியது. மறுநாள் காலையில் இரண்டு லாரியில் சிலாப் வந்து இறங்கியது. தெருவே கூடி வெடி வெடித்தது. அமராவதி சால்வை போர்த்தினாள்.

"நீங்க மட்டும் இல்லன்னா எலி தின்ன சங்கதியே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார்."

தலைவர் அடக்கமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது.

"சார், கடலூர் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். உங்க மனு விஷயமா..."

இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. கூட்டத்தை விட்டு ஓரமாக ஒதுங்கினார்.

"அது வந்து சார்..."

"ரிஜிஸ்டர எடுத்துப் பாத்துட்டோம் சார்."

மாட்டிக்கொண்டோம் என்று முடிவே கட்டிவிட்டார் சகாய ஆனந்த்.

மறுமுனைக் குரல் இறங்கிக் கெஞ்சியது.

"தப்பு எங்க மேலதான் சார். மனுவப் பதியவே இல்லன்னு மேலிடத்துக்குத் தெரிஞ்சா எங்க வேலை போயிடும், கேட்டா நீங்களும் இதையே சொல்லிடுங்க. அக்டோபர் இருபத்தேழு, காலையில பதினோரு மணிக்கு நீங்க நேர்ல வந்து குடுத்திருக்கீங்க. பக்கத்துல உங்க கையெழுத்துகூட இருக்கு!"