பதினேழு வரியும் ஒரு வெறுங்கட்டமும்

ஆலோசகருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் சுலக்ஷனா உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், அந்த மாடியில் வேறு நாற்காலி காலியாக இல்லை என்பதுதான்.

ஹற்றன் கடைத்தெருவில் ஹமீத் நானாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய மாலை வகுப்பு. அன்று பாடம் இல்லை. தொழில் வழிகாட்டல் ஆலோசகர் ஒருவர் கண்டியிலிருந்து வருவதாக இருந்தது.

மூன்று மணிக்கு வரவேண்டியவர். மூன்றரைக்கும் காணோம். மண் சரிந்து ரயில் வட்டவளையில் நிற்கிறதாம்.

இரண்டாம் ஆண்டுக்குப் போக வேண்டுமென்றால் ஐந்து மணிக்குள் படிவத்தைக் கீழே கடையை ஒட்டிய வகுப்பு அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். ‘நான் தெரிவுசெய்த தொழில்’ என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். அதற்குக் கீழே ஆலோசகரின் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அவளுடைய கட்டம் வெறுமையாக இருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. ஆறு மாதமாக ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, பதினேழு தொழில்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் செய்கிறவர்களைத் தேடிப்போய் விசாரித்துப் புள்ளி போட்டிருந்தாள். மழையில் நனைய வேண்டுமா, அட்டை கடிக்குமா, அம்மா வெளியே சொல்லிக்கொள்ளலாமா என்று தனித்தனியாகப் பத்தி பிரித்திருந்தாள். தாதி வேலைக்கு எதிரே, நல்லதண்ணி முதலுதவிக் கூடாரத்தில் உதவப்போய் ஒரு யாத்திரிகரின் கால் கொப்புளத்தைப் பார்த்துத் தானே மயங்கி விழுந்ததையும் நேர்மையாகக் குறித்திருந்தாள்.

பதினேழு தொழிலுக்கும் ஒன்றுபோல இருபத்திமூன்று புள்ளிதான் வந்தது.

வங்கிக்கு மட்டும் ஒருமுறை இருபத்திநான்கு வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி கூட்டினாள். இருபத்திமூன்று.

கடைசியாக ஒருமுறை கூட்டிப் பார்க்கலாமென்று கொப்பியை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை என்று பழகிய ஊர் அது. கோடு போட்ட கொப்பியும் பேனாவுமாக ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் போதும், எதிரே வரிசை தானாக முளைத்துவிடும்.

முளைத்தது. முதலில் நின்றவன் பொகவந்தலாவை தர்ஷன்.

“மிஸ், நான் போன் திருத்தப் படிக்கவா, ஆட்டோ ஓட்டவா?”

தான் மிஸ் இல்லை என்று சுலக்ஷனா சொல்லிப் பார்த்தாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவன் இன்னும் பணிவாக நின்றான். பின்னால் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பார்த்தால், ஒன்பதாவது வரியில் போன் திருத்துவது இருக்கத்தான் செய்தது. சரி, இருப்பதை வாசித்துவிடலாம் என்று நினைத்தாள்.

“நான் விசாரிச்ச ஏழு பேர்ல ஆறு பேருக்குக் கழுத்து வலி. தாங்குவீங்களா?”

“எங்கம்மா பேச்சையே தாங்குறேன் மிஸ்.”

அவன் தெளிவான முகத்தோடு இறங்கிப்போனான். அடுத்தவள் வந்தாள். மகளைத் தாதியாக்கியே தீருவேன் என்று வந்த நாகலெட்சுமி, கொப்புளக் கதையைக் கேட்டுவிட்டு மகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளை பெருமூச்சு விட்டு முதல்முறையாகச் சிரித்தது.

நடுவில் ஹமீத் நானா மிஸ்ஸுக்கென்று இஞ்சி போட்ட பிளேன்டீ அனுப்பிவைத்தார். குடிக்கலாமா கூடாதா என்று யோசித்து, ஆறிப்போவதற்குள் குடித்துவிட்டாள். குடித்த பிறகு எழுந்து போவது நியாயமாகப் படவில்லை.

வரிசையின் கடைசியில் நாற்பது தாண்டிய ஒருவர் நனைந்த குடையோடு நின்றிருந்தார். சப்பாத்தெல்லாம் செம்மண். எப்போது மாடியேறினாரோ தெரியாது. வரிசையைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் வாலில் போய் நின்றுகொள்ளும் மலைநாட்டு ஆள்.

“மிஸ், இந்த வயசுல வேல மாறலாங்களா?”

இப்போது என்ன வேலை என்று கேட்டாள். பேசுகிற வேலை என்றார். பிடிக்குமா என்றாள். அவர் குடைக் கம்பியையே பார்த்தார். சின்ன வயதிலிருந்தே பாண் போடத்தான் ஆசையாம்.

பன்னிரண்டாவது வரி, பேக்கரி. அதிகாலை மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். ஆனால் ஹற்றன் குளிரில் வேறெந்த வேலையிலும் அந்தச் சூடு கிடைக்காது. வேலையை விடாமல் முதலில் மூன்று மாதம் பழகிப் பாருங்கள் என்றாள். அவர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.

வரிசை முடிந்தது. மணி நாலே முக்கால். அப்போதுதான் அவளுக்குத் தன் படிவம் ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது.

“நான் மிஸ் இல்லீங்க. நானும் அந்த ஆலோசகரப் பாக்க வந்தவதான்.”

“தெரியும் மிஸ்,” என்றார் அவர். படிவத்தைக் கேட்டு வாங்கி வெறுங்கட்டத்தைப் பார்த்தார். கீழே போய் ஏதாவது வழியிருக்கிறதா பார்க்கிறேன் என்று படியிறங்கினார்.

முன்பின் தெரியாத ஆளிடம் படிவத்தைக் கொடுத்தது சரியா என்று அவள் பத்து நிமிடம் யோசித்தாள். அதற்குள் ஹமீத் நானா மேலே வந்தார்.

“புள்ள, இது ஒங்கட போர்ம்தானே? கொடயோட வந்த அந்த சேர் தந்துட்டுப் போறாரு. போற வழியில பேக்கரி எங்க இரிக்கின்னும் கேட்டாரு.”

கட்டத்தில் நீல மையில் எழுதியிருந்தது: ‘இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் ஆண்டுக்குப் பரிந்துரைக்கிறேன்.’

கீழே கையெழுத்து. அதன் மேல் ஈரம் காயாத முத்திரை: தொழில் வழிகாட்டல் ஆலோசகர், கண்டி.

முத்திரைக்குப் பக்கத்தில் பென்சிலால், மிகச் சிறியதாக: ‘மூன்று மாதம் போதும்தானே மிஸ்?’