ஊதி அணைத்த விளக்கு

ஸ்ஸ்ர்ர்... ஸ்ஸ்ர்ர்...

பாயசத்தின் கடைசிச் சொட்டை யாரோ டம்ளரோடு சேர்த்து உறிஞ்சுவது போல ஒரு சத்தம். இருட்டிப்போன கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தது.

ஜீவிதா மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். நேரம் பார்த்து அவள் கணவன் வினோத் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

கோத்தகிரி தாண்டி, தேயிலைக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஊர். சென்னையைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிடலாமா என்று பார்க்க, வாடகைக்கு வரப்போகும் வீட்டிலேயே ஒரு வாரம் தங்க வந்திருந்தார்கள். வினோத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. மகளுக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ஊர் பிடித்துவிட்டால் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

முன்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

பக்கத்து வீட்டு வேணி. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். கதவு திறந்ததுதான் தாமதம், ஜீவிதாவை ஒதுக்கிவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சாமி அலமாரியில் எரிந்துகொண்டிருந்த நல்லெண்ணெய் விளக்கை 'ஃபூ' என்று வாயால் ஊதி அணைத்தாள். பக்கத்திலிருந்த எண்ணெய் பாட்டிலை மூடி இறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கைப் போய் வாயால ஊதி..."

"எண்ணெய் வாசத்துக்குக் கரடி வருமுங்க. கொல்லையில நிக்குதே, கேக்கலீங்களா? கோயில் கதவையே ஒடைச்சு எண்ணெயைக் குடிச்சுப்போட்டுப் போன கழுதை அது. உங்களுக்கெல்லாம் இந்த ஊரு ஆவாதுங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு நாளைக்கே கெளம்பிருங்க!"

சொல்லிவிட்டுப் படியிறங்கியவள், கரடியை விரட்ட வாசலில் வைத்திருந்த தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டே போய்விட்டாள். பாட்டிலோடு.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ராமகிருஷ்ணனிடம் ஜீவிதா இதைச் சொன்னாள். ஃபேக்டரியில் ரிட்டயரானவர், பேச்சில் தேன் ஒழுகும்.

"கரடிங்களா? அவ புருஷன் மாரிச்சாமி தண்ணியப் போட்டுட்டு வர்றதைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பா!"

கூட இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வினோத்தும்தான்.

"மரநாயா இருக்கும்மா. வேணி எப்பவுமே அப்படித்தான். வெளியாளுங்க வந்தா அவளுக்கு ஆகாது. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் சொன்னதற்கேற்ப, ஊரில் மற்ற எல்லாரும் தங்கமாக இருந்தார்கள். ஒருவர் பிளம்ஸ் கொண்டுவந்தார், ஒருவர் பீன்ஸ் பறித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்து ரஞ்சனி டீச்சர் வர்க்கிப் பொட்டலத்தோடு வந்து, "பாப்பாவுக்கு ஜன்னலோரமா இடம் போட்டு வெச்சுட்டேன்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். வேணி மட்டும்தான், எதிரில் பார்த்தபோதெல்லாம், "ஏனுங்க, இன்னும் போகலீங்களா?" என்று கேட்டாள்.

"ஊருக்கு ஒருத்தி இப்படி இருக்கத்தான் செய்வா. அவளுக்காகவா நாம திரும்பிப் போறது?" என்றான் வினோத். "இன்னிக்கு ராமகிருஷ்ணன் சார் வீட்டுக்குப் போய் சரின்னு சொல்லிட்டு வந்துடறேன்."

சாயங்காலம் அவன் கிளம்பிப் போன பிறகு ஜீவிதாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த உறிஞ்சல்தான். ஆனால் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்றால், பக்கத்து வீட்டோடு பகை எதற்கு? நேராகவே கேட்டுவிடலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வேணி வீட்டு நடையில் அவள் மகள் ஜானகி உட்கார்ந்து, ஒரு தகரப்பெட்டியின் மேல் தன் பெயரைப் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயதிருக்கும்.

வேணி வெளியே வந்தாள். "பாட்டிலுக்கா வந்தீங்க? ஊருக்குப் போறப்ப தாரேன்."

"பாட்டில் கிடக்கட்டும். நாங்க இங்க வர்றது உங்களுக்கு ஏன் பிடிக்கலை? நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

வேணி பதில் சொல்வதற்குள் ஜானகி துள்ளி எழுந்தாள். "ஆன்ட்டி, பாப்பா எங்க ஸ்கூல்லதானே சேரப்போறா? அப்ப நான் ஹாஸ்டலுக்குப் போக வேண்டாம்!"

"சும்மா இரு கண்ணு."

"என்ன ஹாஸ்டல்?" என்றாள் ஜீவிதா.

"ஸ்கூல்ல நாங்க ரெண்டே பேருதான் ஆன்ட்டி. புதுசா ஒரு ஆளாச்சும் சேரலேன்னா மூடிருவாங்களாம். அதான் உங்ககிட்ட யாரும் கரடியப் பத்திப் பேசக்கூடாதுன்னு டீச்சர், உங்க வீட்டுக்காரத் தாத்தா எல்லாரும் சொல்லி வெச்சாங்க. அம்மாதான் சொல்லிப்போட்டாங்க. நேத்து எல்லாரும் வந்து அம்மாவைத் திட்டுனாங்க."

ஜீவிதா குனிந்து பார்த்தாள். பெட்டியில் 'ஜா' மட்டும் எழுதி, பெயிண்ட் இன்னும் காயாமல் இருந்தது.

"நாங்க வந்தா உங்க பொண்ணு உங்ககூடவே இருப்பாளே. அப்புறம் ஏன் எங்களைப் போகச் சொன்னீங்க?"

வேணி மகளைப் பார்க்கவில்லை. ஜீவிதாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையையே பார்த்தாள்.

"எம்புள்ள ஹாஸ்டலுக்குத்தானுங்களே போவுது. லீவுக்கு வந்துரும். உங்க புள்ள அந்தக் கொல்லையிலதானுங்க வெளையாடுது."

ஜீவிதாவின் கையிலிருந்த போன் அடித்தது.

"ஜீவி, சார் பக்கத்துலதான் இருக்கார். சரின்னு சொல்லிடட்டுமா?"

"எதுவும் சொல்லாதீங்க. நாங்க வேணியக்கா வீட்ல இருக்கோம்." "நடந்து வராதீங்க. சாரையே ஒரு ஜீப் பிடிச்சுக் கொண்டுவந்து விடச் சொல்லுங்க."

வெளியே இருட்டு இறங்கியிருந்தது. ஜீவிதா இரண்டு குழந்தைகளையும் அணைத்து உள்ளே கூட்டிப்போய், வேணி வீட்டுக் கதவைத் தானே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.